ஒரு வீட்டுக்கு ஒரு கை

தேர் பாதி வழியில் நின்றுபோனதில்தான் எல்லாம் தொடங்கியது.

ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில், ஒரு காலத்தில் டயர் அடுக்கி வைத்திருந்த கிடங்கை வாங்கிக் கழுவித் துடைத்து முருகனைக் குடிவைத்திருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை தேர் வெளியே வரும். தேர்வீதி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும், கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிப் பக்கத்திலிருந்த கார்ப் பட்டறையின் வாசல்வரை போய்த் திரும்புவதுதான் அந்த வீதி. 2014இல் பட்டறை வாசலில் தேர் நின்றுவிட்டது. வடம் பிடிக்க ஆளில்லை. பிடித்திருந்தவர்களில் இருவர் இதயத்தில் பைபாஸ் செய்துகொண்டவர்கள், ஒருவர் இடுப்பெலும்பு மாற்றியவர். இளசுகள் எல்லாம் கோயிலோடு கோபித்துக்கொண்டு நகரின் இன்னொரு பக்கம் பாபடோயிட்டோயில் ஒரு மண்டபம் பிடித்துத் தங்கள் பாட்டுக்கு வெள்ளிக்கிழமைப் பூசை நடத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பட்டறையில் வேலைசெய்த இரண்டு சமோவாக்காரர்கள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வடத்தைப் பிடித்தார்கள். தேர் ஓடியது. முருகனுக்கு அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. தலைவர் சதாசிவத்துக்குத்தான் இருந்தது.

சிவனேசனின் வலது தோள் பிடித்துக்கொண்டதும் அந்த வடத்தில்தான். அறுபத்தாறு வயதில் அவ்வளவு ரோசம் வேண்டாம் என்று மனைவி சீதாதேவி சொல்லியிருந்தாள். மனிதர் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் தோள் இறுகி, சட்டை போடவே கையைத் தூக்க முடியாமல் போனது.

சிவனேசனைக் கோயிலில் பாதிப்பேர் 'யாப்பு' என்றுதான் சொல்வார்கள். கோயிலின் யாப்பை, அதாவது அதன் விதிகளை, எழுதியவர் அவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த நாட்டில் பாலம் கட்டும் கம்பனியில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலத்துக்குப் போட்ட கொங்கிரீட்டை விட இறுக்கமாக யாப்பை எழுதியிருந்தார். ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு. அதுவும் வீட்டுத் தலைவருக்கு. தலைவர் பதவிக்கு நிற்பவரைத் தாபக அங்கத்தவர் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொரு தாபக அங்கத்தவர் வழிமொழிய வேண்டும். நேற்று வந்தவர்கள் கோயிலைத் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாது என்ற பயத்தில் எழுதியது அது. தாபகர் என்பவர்கள் தொண்ணூறுகளில் ஒரு சாரணர் மண்டபத்தில் முருகன் படம் வைத்துக் கும்பிடத் தொடங்கிய ஒரு டசின் குடும்பத்தார். செத்தவர்கள் போக, மெல்பேர்னுக்கு ஓடியவர்கள் போக, இப்போது மிஞ்சியது நாலே பேர். சதாசிவம் ஒருவர். அவருடைய மச்சான் தியாகலிங்கம் ஒருவர். மலேசியாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் முருகையா. நாலாவது சிவனேசன்.

அந்த யாப்பில் இன்னொரு விதியும் இருந்தது. மணமக்கள் இருவரும் பிறப்பால் சைவர்களாக இருந்தால் மட்டுமே கோயிலில் கலியாணம். அதை எழுதிய நாளில் சிவனேசனின் மகள் மாலினிக்கு ஒன்பது வயது. இப்போது இருபத்தொன்பது. தலைநகர் வெலிங்டனில் அரசாங்க வழக்கறிஞர். ஹாமிஷ் என்றொரு வெள்ளைக்காரப் பையனுடன் மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறாள். நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கட்டும் என்று எப்சமில் வீடு வாங்கிப் படிக்கவைத்தார். அந்த நல்ல பள்ளிக்கூடத்தில்தான் அவனும் படித்தான். கோயிலில் யாராவது மாலினிக்கு எப்போது கலியாணம் என்று கேட்டால், "பிள்ளை இன்னும் படிக்குது" என்று சிவனேசன் சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவுதான் படிப்பாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மே மாதத்தில் ஒரு நாள் மாலினி தொலைபேசியில் அழைத்தாள். ஆங்கிலத்தில்தான் பேசுவாள். தானும் ஹாமிஷும் கலியாணம் செய்யப் போகிறோம் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, கோயிலில் செய்ய முடியுமா அப்பா என்று கேட்டாள். தான் ஓடி விளையாடிய இடம், தேவாரப் போட்டியில் பரிசு வாங்கிய இடம், வேறெங்கே செய்வது என்றாள். ஹாமிஷ் வேட்டி கட்டுவான், விரதம் இருப்பான், எல்லாம் செய்வான், ஆனால் மதம் மாறிவிட்டதாகப் பொய் சொல்லமாட்டான், தானும் சொல்லவிடமாட்டேன் என்றாள். சிவனேசன், பாப்பம் பிள்ளை என்றார். தொலைபேசியை வைத்துவிட்டுத் தான் எழுதிய விதியை நினைத்தார்.

விக்னேஸ்வரி இந்தக் கதைக்குள் வருவது அந்தத் தோள் வழியாக. பிசியோதெரபிஸ்ட். ஐம்பதை நெருங்கும் பெண். புருஷன் காலமான பிறகு தன் பெயரிலேயே வீட்டு வாக்கை வாங்கிக்கொண்டவள். கோயில் மடைப்பள்ளியை எட்டு வருடமாகக் கட்டி மேய்த்தவள். வாரத்துக்கு ஒருமுறை சிவனேசனைக் கட்டிலில் படுக்கவைத்து, அந்தக் கையை அங்குலம் அங்குலமாக மேலே தள்ளுவாள். முடிவில் எழுப்பி நிறுத்தி, "இப்ப தூக்கிக் காட்டுங்கோ பாப்பம்" என்பாள். கை காதுக்குக் கீழே நின்றுவிடும். அடுத்த முறை காது வரும் அண்ணை என்பாள்.

அந்த அறையில்தான், வலி தாங்காத ஒரு நேரத்தில், சிவனேசனின் வாயிலிருந்து மாலினி கதை வெளியே வந்தது. தோளை அமத்த அமத்த எல்லாம் வந்தது: ஹாமிஷ், மூன்று வருடம், கோயிலில் கலியாணம். சீதாதேவியைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாதது. சொல்லி முடித்ததும் உடம்பு வேர்த்துவிட்டது. விக்னேஸ்வரி கையை எடுக்கவில்லை.

"நான் தலைவருக்கு நிக்கப்போறன் அண்ணை. இதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. வெண்டால் இந்தக் கலியாண விதியை அங்கத்தவரிட்டை முடிவுக்கு விடுவன். மாத்துவன் எண்டு சொல்லேல்லை, விடுவன். ஆனா நீங்கள் இப்ப சொன்னதுக்காக எனக்குக் கை தூக்கவேண்டாம். நீங்கள் சொன்னது இந்த அறையை விட்டு வெளியிலை போகாது."

போகவும் இல்லை. அதுதான் பின்னால் அவரைக் கொன்றது.

புதன்கிழமை காலையில், கடைகள் திறக்குமுன், பெரிய ஷாப்பிங் மாலுக்குள் நடப்பது கோயில் பெரியவர்களின் வழக்கம். வெளியே குளிரும் மழையும். உள்ளே சமதரை, முழங்காலுக்கு நல்லது. நடை முடிந்ததும் காப்பி. அந்தக் காப்பி மேசையில் எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்து உலகத்தைத் திருத்துவார்கள். இவர்களும் இவர்கள் சொன்னால் கேட்கும் வீடுகளும் ஒரு பக்கம் சாய்ந்தால் கோயில் தேர்தல் அந்தப் பக்கம்தான். பழையது பழையபடி இருக்கவேண்டும் என்ற கூட்டம்; அரைக்கால் சட்டையோடு சந்நிதிக்கு வருவதையே மன்னிக்காதவர்கள். ஊரெல்லாம் வேலிக்கு வேலி பொதுத்தேர்தல் வேட்பாளர்களின் படங்கள் சிரித்துக்கொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில், நாட்டின் பிரதமர் யார் என்பதில் இவர்களுக்கு அவ்வளவு கவலையில்லை. சதாசிவமா விக்னேஸ்வரியா என்பதுதான் கேள்வி.

ஒன்பது வருடமாகச் சதாசிவத்துக்கே கையுயர்த்தி வந்தவர்களைத் தேர் குழப்பிவிட்டிருந்தது. சதாசிவம் நேர்மையானவர், ஒரு சதம் தொடமாட்டார், விரதம் தப்பமாட்டார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தே பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். பாபடோயிட்டோய்க்காரர்கள் சொல்வதோ ஒரேயடியாக வேறு. மண்டபத்தைப் பிறந்தநாளுக்கு விடு, கோழி பொரி, பாட்டுப் போடு. விக்னேஸ்வரி இரண்டுக்கும் நடுவில் நின்றாள். நடுவில் நிற்பவரை நம்பலாமா என்பதில்தான் காப்பி ஆறியது.

கோயமுத்தூர்க்காரர் நல்லசாமி, மகன் ஐ.டி. வேலைக்கு வந்ததால் கூடவே வந்தவர், சுற்றிவளைக்காமல் சொன்னார். அந்தம்மா தங்கமானவங்கதான், ஆனா கல்யாண விஷயத்துல இளகிப் பேசுறாங்க, இன்னைக்கு இளகுனா நாளைக்கு ஒழுகிடுமுங்க என்றார். இன்னொருவர், ஒரு பெண் எப்படிச் சுவாமிக்கு முன்னால் தலைவராக நிற்பது என்று இழுத்தார். மாதக் கணக்கு வாசிக்கத்தானே நிற்பாள், அந்த வயதில் என்ன தீட்டு என்று முருகையா அவரை அடக்கினார். கடைசியில் அவளையே கூப்பிட்டுக் கேட்டுவிடுவோம் என்று முடிவாயிற்று.

அடுத்த புதன் வேலைச் சீருடையோடு வந்தாள். கலியாண விதியைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் அத்தனை வீடும் உன் பக்கம் என்றார்கள். இலேசான வழி. ஒரு சொல்லில் தலைவராகியிருக்கலாம்.

"அந்த வாக்கு நான் தரமாட்டன்," என்றாள் விக்னேஸ்வரி. "இறைச்சி உள்ளுக்கு வராது. குடி வராது. ஐயர் ஓதுறது ஓதினபடி இருக்கும். ஆனா எங்கடை பிள்ளையள் வாசலோடை நிண்டுபோட்டுத் திரும்பிப் போறதைப் பாத்துக்கொண்டு நான் கதிரையிலை இருக்கமாட்டன். அதைப் பற்றி எல்லாரும் இருந்து கதைக்கவேணும். கதைச்சு வேண்டாமெண்டால், வேண்டாம்தான்."

சொல்லும்போது ஒரு தரம்கூடச் சிவனேசனைப் பார்க்கவில்லை. அவர் தன் காப்பிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

அவள் போனதும் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். விதியை எழுதியவரே அவர்தானே. யாப்பு என்ன சொல்கிறதோ அதுதான். சிவனேசன், தேர் இழுக்க ஆள் வேண்டும், இவவைவிட்டால் பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவர வேறு ஆளில்லை என்றார். மேசை அசந்துபோனது. இவ்வளவு இறுக்கமான மனிதர் கோயிலுக்காக இளகுகிறாரே என்று நல்லசாமி நெகிழ்ந்தே போனார். உங்களுக்குப் பெரிய மனசுங்க என்றார். சிவனேசனுக்குக் கூசியது. மகளைத் தேருக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு பெரிய மனசுப் பட்டம் வாங்குகிறோமே என்று கூசியது. ஆனாலும் வாங்கிக்கொண்டார். முருகையா முன்மொழிவது, சிவனேசன் வழிமொழிவது, நல்லசாமி தமிழ்நாட்டு வீடுகளோடு பேசுவது என்று அன்றைக்கே பிரித்துக்கொண்டார்கள். நாலு தாபகரில் சதாசிவத்தையும் மச்சானையும் விட்டால் வேறு இருவர் கிடையாது. சிவனேசன் கை இல்லாவிட்டால் விக்னேஸ்வரி போட்டியிலேயே இல்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

அதற்குள் தோளும் தேறிவிட்டது. கூட்டத்துக்கு முந்தின கிழமை, தூக்கிக் காட்டுங்கோ பாப்பம் என்றதும் கை நேரே மேலே போனது. விக்னேஸ்வரி சிரித்தாள். இனி நீங்கள் வரத்தேவையில்லை அண்ணை என்றாள்.

பொதுக்கூட்டம் ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. சிவனேசனும் சீதாதேவியும் நேரத்துக்கே போனார்கள். சீதாதேவி அன்று காலையில் முருகன் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டே, மாலினிக்குக் கூறை எடுக்க ஆரைக் கேக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாக்கில்லை. பெண்கள் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

செருப்பு வைக்கும் இடத்தில் சதாசிவம் நின்றார். சிவனேசனைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வந்து தோளில் கைபோட்டார். அந்தக் கையைத் தட்டிவிட முடியாது. இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளில் விமான நிலையத்தில் நின்ற ஒரே தமிழ் முகம் அது. தன் வீட்டில் ஒரு அறையை ஒழித்துக்கொடுத்து, சீதாதேவியின் வயிற்றில் இருந்த பிள்ளை பிறந்து நாற்பத்தொரு நாள் தீட்டுக் கழியும்வரை வைத்துப் பார்த்த மனிதர். அந்தப் பிள்ளைதான் மாலினி.

"சிவா, முருகையா அவவைப் பிரேரிக்கப் போறானாம். வழிமொழிய ஆர் எண்டு பாப்பம். நான் சொல்லுறன் கேள், அந்தக் கலியாண விதியை மாத்த நிக்கிறவன்ரை வீட்டிலைதான் அந்த அலுவல் இருக்கும். இல்லாட்டி அவனுக்கு ஏன் இந்தச் சொறிச்சல்?"

மாலினி விஷயம் அவருக்கு ஒன்றும் தெரியாது. பொதுவாகத்தான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, மெல்பேர்னில் ஒரு நல்ல பொடியன் இருக்கிறான், மாலினியின் சாதகக் குறிப்பைத் தா என்றார். கூட்டம் முடியத் தாறன் அண்ணை என்று சிவனேசன் சொன்னார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை.

கூட்டத்தை நடத்த வெளியிலிருந்து தினேஸ்வரன் என்ற வழக்கறிஞரைக் கூப்பிட்டிருந்தார்கள். சதாசிவத்தின் பெயரைத் தியாகலிங்கம் முன்மொழியவேண்டும். ஆனால் வழிமொழிய இன்னொரு தாபகர் வேண்டுமே என்று ஒரு சின்னச் சிக்கல். அதற்கு யாப்பிலேயே வழி இருந்தது: பதவியில் இருப்பவர் மறுபடி நிற்க முன்மொழிவு தேவையில்லை. அதையும் எழுதியவர் சிவனேசன்தான். அடுத்து, முருகையா எழுந்து ஆசிரியர் குரலில் விக்னேஸ்வரியின் பெயரைச் சொன்னார்.

"வழிமொழிபவர்?" என்றார் தினேஸ்வரன்.

சிவனேசன் கையைத் தூக்க நினைத்தார். உண்மையாகவே நினைத்தார். ஆனால் அந்த நேரத்தில் மண்டபம் முழுக்கத் திரும்பித் தன்னைப் பார்ப்பதுபோலவும், அந்த அலுவல் இவன் வீட்டில்தான் என்று ஒவ்வொரு வாயும் முணுமுணுப்பதுபோலவும் இருந்தது. முன்வரிசையில் சதாசிவம் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தார். சிநேகிதமான சிரிப்பு.

தினேஸ்வரன் இரண்டாவது முறை கேட்டார். நல்லசாமி தன் இருக்கையில் நெளிந்தார். அவர் கை தூக்கினால் செல்லாது. முருகையா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பெண்கள் வரிசையில் சீதாதேவி தன் மடியிலிருந்த இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். விக்னேஸ்வரி மட்டும் அவரைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பார்வை பார்த்திருந்தால் ஒருவேளை கை எழுந்திருக்கும். அவள் கெஞ்சக்கூடாது என்று இருந்துவிட்டாள்.

மூன்றாம் முறையும் கேட்டாயிற்று. வழிமொழிய ஒருவரும் இல்லாததால் பெயர் விழுந்தது என்றும், சதாசிவம் போட்டியின்றித் தெரிவு என்றும் தினேஸ்வரன் அறிவித்தார். கைதட்டினார்கள். சிவனேசனும் தட்டினார். இரண்டு கைகளும் நன்றாகத்தான் வேலை செய்தன.

தேநீர் மேசையில் முருகையா வந்து பிடித்தார். "என்னா லா சிவா? ஏன் கை தூக்கல?"

"தோள் பிடிச்சுப்போட்டுது," என்றார் சிவனேசன். "அந்த நேரம் பாத்துச் சரியாப் பிடிச்சுப்போட்டுது."

வாயால் சொல்லியிருக்கலாமே என்று முருகையா கேட்கவில்லை. வடையை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தத் தோள் கதை மண்டபத்தைச் சுற்றி வந்து விக்னேஸ்வரியின் காதுக்கும் போயிருக்கும். அவள் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக் கழுவப் போனாள். வழக்கமாக அவள்தானே கழுவுவாள்.

எப்சமில் காரை நிறுத்தியதும் சீதாதேவி கதவைத் திறக்காமல் இருந்தாள்.

"இஞ்சருங்கோ. ஒரு வீட்டுக்கு ஒரு கை எண்டு எழுதினியள். அந்த ஒரு கையும் உங்கடை கையாப் போச்சுது. என்ரை கையா இருந்திருந்தால் நான் தூக்கியிருப்பன்."

அவ்வளவுதான். அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. உள்ளே போய் அரிசி களைந்தாள்.

அன்று மாலையே மாலினி அழைத்தாள். சிவனேசன் குசினி மேசையில் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். சீதாதேவி போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தாள். என்ன நடந்தது அப்பா என்று பிள்ளை கேட்டது. அந்த ஆவல் நிறைந்த குரலுக்கு முன்னால் உண்மையைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"சரிவரேல்லை பிள்ளை. நான் வழிமொழிஞ்சனான். ஆனா அவவுக்கு ஆள் காணாது."

மாலினி ஆங்கிலத்தில், பரவாயில்லை அப்பா என்றாள். அத்தனை பேருக்கு முன்னால் எனக்காக எழுந்து நின்றீர்களே, அது போதும், ஹாமிஷிடமும் சொல்கிறேன் என்றாள். சீதாதேவியின் கத்தி நின்றது. அவள் தலை நிமிரவில்லை, மறுத்துச் சொல்லவும் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி வெட்டத் தொடங்கினாள். தன்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்ட அந்தக் கத்திச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, திட்டியிருந்தால் நல்லாயிருக்குமே என்று சிவனேசனுக்கு இருந்தது.

அதன் பிறகு அவர் புதன்கிழமை நடைக்குப் போகவில்லை. முழங்கால் என்று சொன்னார். உறுப்பு உறுப்பாகச் சாட்டுச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தார்.

கலியாணத்தை அடுத்த மார்ச்சில் வைத்தார்கள், எப்சமுக்குப் பக்கத்துப் பூங்காவில், ஆடுகள் மேயும் புல்வெளிக்கு ஓரமாக. அழைப்பிதழ் அனுப்பினால் ஒளிக்க இடமேது. ஆக்லாந்துத் தமிழ் வீடுகள் அத்தனைக்கும் ஒரே நாளில் தெரிந்தது. சிவனேசன் வானம் இடிந்து விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். விழவில்லை. இரண்டு கிழமை கதைத்தார்கள். பிறகு யாரோ ஒருவர் வீடு வாங்கினார், கதை அந்தப் பக்கம் போய்விட்டது. சதாசிவம் தொலைபேசியில் கூப்பிட்டு, விதி விதிதான், ஐயரை நான் அந்தக் கலியாணத்துக்கு விடேலாது என்றார். பிறகு, என்ரை வீட்டிலை பிறந்த பிள்ளை அவள், நீ என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே சிவா என்றார். அந்த மனிதரின் குரல் உண்மையாகவே உடைந்திருந்தது. எதற்குப் பயந்தோமோ அது இவ்வளவுதானா என்று நினைத்தபோது சிவனேசனுக்கு ஆறுதல் வரவில்லை. இவ்வளவுக்குத்தானா விக்னேஸ்வரியை விற்றோம் என்றுதான் வந்தது.

ஐயர் இல்லை. சட்டப்படி பதியும் அம்மா ஒருத்தி வந்திருந்தாள். முருகையா ஒரு பதிகம் பாடினார். நல்லசாமி, ஆரம்பத்தில் ஒழுகிவிடும் என்று பயந்தவர், மகன் குடும்பத்தோடு வந்து பந்தலுக்கு வாழை கட்டினார். குத்துவிளக்கு காற்றில் அணைந்து அணைந்து போக, விக்னேஸ்வரி வந்து பக்கத்தில் குந்தி, தன் முந்தானையால் மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த மறைப்பில்தான் ஹாமிஷ் தாலி கட்டினான். வேட்டி கொஞ்சம் ஏறித்தான் நின்றது. முடிச்சை மட்டும் சரியாகப் போட்டான். சீதாதேவி அழுதாள்.

சாப்பாட்டு நேரத்தில் மாலினி கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விக்னேஸ்வரியிடம் ஓடினாள். சிவனேசன் இரண்டு அடி தள்ளி நின்றார். விலகிப் போக நேரமில்லை.

உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும் என்றிருந்தேன் அன்ரி என்று மாலினி சொன்னாள். அன்றைக்குக் கூட்டத்தில் அப்பா உங்களுக்காக எழுந்து நின்றாராமே, அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதை நினைத்தால் கோயிலில் நடக்காதது ஒரு பெரிய விஷயமாகவே இல்லை என்றாள்.

விக்னேஸ்வரி சிவனேசனைப் பார்த்தாள். கூட்டத்தில் பார்க்காத பார்வையை இப்போது பார்த்தாள். அவர் வேலிக்கு அப்பால் நின்ற ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் போதும். மகள் முன்னால் அவர் நார் நாராகப் போய்விடுவார். சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"ஓம் பிள்ளை," என்றாள் விக்னேஸ்வரி. "அப்பா எழும்பினவர். எல்லாரும் பாத்தவை."

மாலினி திரும்பி வந்து அப்பாவைக் கட்டிப்பிடித்தாள். மல்லிகை மணத்தது. அவர் சொன்ன பொய்யை வழிமொழியக்கூட ஒருத்தி இருந்தாள். பிள்ளையின் தலையில் கையை வைத்தபடி, இப்போதே சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. ஹாமிஷ் கூப்பிட, அவள் போய்விட்டாள்.

விக்னேஸ்வரி கடதாசித் தட்டில் கேசரியோடு பக்கத்தில் வந்து நின்றாள். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று அவர் தேடிக்கொண்டிருக்க, அவளே கேட்டாள்.

"தோள் எப்பிடி அண்ணை?"

குரலில் குத்தல் இல்லை. நோயாளியைக் கேட்கும் சாதாரணக் குரல்தான்.

"பரவாயில்லை."

"தூக்கிக் காட்டுங்கோ பாப்பம்."

பழக்கத்தில் கை தானாக எழுந்தது. காதைத் தாண்டி, நேரே மேலே, ஒரு நோவும் இல்லாமல் போனது. விக்னேஸ்வரி அந்தக் கையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது," என்றாள். கேசரித் தட்டோடு பெண்கள் இருந்த பக்கம் போனாள்.

சிவனேசன் புல்வெளி நடுவில் கையைத் தூக்கியபடி நின்றார். கண் கலங்கி, எதிரே ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. தூரத்தில் நின்ற ஹாமிஷின் தகப்பன், தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையை உயர்த்தினார். இனி எப்படிக் கையை இறக்குவது என்று சிவனேசனுக்குத் தெரியவில்லை.